பின் டயருக்கு முப்பத்தொன்பது

மாடம்பாக்கத்தில் வந்து "காத்து தினா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்து, சிரித்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள். அவன் முழுப்பெயர் தினகரன். ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். ஏர்போர்ட், கல்யாணம், திருப்பதி, திருவண்ணாமலை என்று எங்கே கூப்பிட்டாலும் போவான். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. இருக்கிற ஒரே பழக்கம் பயம்.

பயம் என்றால் உங்கள் பயம், என் பயம் மாதிரி இல்லை. சிலிண்டரை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவான். வந்து பார்த்து, மூடியிருப்பதைத் தொட்டுவிட்டு, மறுபடி தெருமுனையில் நின்று யோசிப்பான். ஜி.எஸ்.டி. ரோட்டைச் சுரங்கப்பாதை வழியாகத்தான் கடப்பான். அது பூட்டியிருந்தால் அந்தப் பக்கத்து வேலையே வேண்டாம் என்று வீடு திரும்பிவிடுவான். மகள் தமிழினியின் பள்ளிக்கூடத்தில் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போனபோது, பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம்வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். "சிங்கம் கூண்டுக்குள்ளதானடா கீது, நீ இன்னாத்துக்கு அங்க போய் குந்திகினு இருந்த?" என்று கூட்டாளிகள் கேட்டார்கள். "சிங்கத்துக்கு இல்லடா, பஸ் டயருக்கு" என்றான்.

இவ்வளவு பயப்படுகிறவனுக்கு முன்னால் ஏதாவது நடந்திருக்கும், எங்கேயோ அடிபட்டிருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு மண்ணும் நடக்கவில்லை. அவன் வண்டியில் இதுவரை ஒரு கீறல் கிடையாது. சிலருக்குப் பிறக்கும்போதே மச்சம் இருக்கிற மாதிரி இவனுக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்தப் பயத்தின் பாதிக்கு மேல் நாலு டயரில்தான் தங்கியிருந்தது. தினமும் வெயில் ஏறுவதற்கு முன்னால், வண்டியை நகர்த்துவதற்கும் முன்னால், ஒரு சின்ன மீட்டரை எடுத்துக்கொண்டு டயர் டயராகக் குந்தி காற்றைப் பார்ப்பான். ஓடின டயர் சூடாகி உள்ளே இருக்கிற காற்றையும் ஏற்றிக் காட்டும், ஆறின டயர்தான் உண்மை சொல்லும் என்பது அவன் கட்சி. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எல்லாக் கார்களிலும் இருக்கிறது, யார் பார்க்கிறார்கள்? அவன் பார்ப்பான். ரெண்டு மூன்று பேர் போனால் நாலு டயருக்கும் முப்பத்து மூன்று பி.எஸ்.ஐ. வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏறினால் முன்னால் அதே முப்பத்து மூன்று, பின்னால் முப்பத்தொன்பது. ஏர்போர்ட்டுக்கு ஒற்றை ஆள் சவாரி என்றால் இறக்குவான். குடும்பம் மூட்டை முடிச்சோடு வருகிறது என்றால் ஏற்றுவான். காற்றடிக்கிற குட்டி மெஷின் ஒன்றும் வண்டியிலேயே கிடக்கும். "கொஞ்சம் இருங்க சார்" என்று அவன் டயர் பக்கத்தில் உட்கார்ந்தால், சவாரிக்கு வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வீட்டில் இதைச் சகித்துக்கொண்டவள் மனைவி வினிதா. சகித்துக்கொண்டாள் என்பதை விட, காதில் வாங்குவதை நிறுத்திவிட்டாள் என்று சொல்லலாம். அவன் புலம்பப் புலம்ப அவள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஆனால் போன வருஷம் நடந்ததை மட்டும் அவளால் விட முடியவில்லை. தினகரனின் தங்கை காந்திமதியைக் கீழ்க்கட்டளையில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை குமரவேல் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவன். நல்ல மனுஷன், கொஞ்சம் குரல் பெரிது. அவர்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தல் ஒயரைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்று சொல்லி, யாரையும் கேட்காமல் தினகரன் மெயினை அணைத்துவிட்டான். சரியாகப் பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். ஃபேன் நின்று, இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாம் வேர்த்து விறுவிறுத்து எழுந்துவிட்டார்கள். குமரவேலின் அம்மா சாமுண்டீஸ்வரி அன்றைக்குச் சபையில் வைத்து, "இந்தப் பயந்தாங்கொள்ளிய எவன்டா கூப்ட்டது?" என்று கேட்டாள். அவள் கூப்பிட்டதாலேயேதான் வந்திருந்தான், அது வேறு விஷயம்.

இப்போது குமரவேல், காந்திமதி தம்பதியின் மகள் ஓவியாவுக்கு மூன்று வயது. குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. அச்சிறுபாக்கம் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்து அம்மன். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியது தாய்மாமன். அது தினகரனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத காரியம். அவனைக் கூப்பிடாமல் இருக்கச் சாமுண்டீஸ்வரியாலும் முடியாது.

வெள்ளிக்கிழமை வைத்திருந்தார்கள். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த சமயம். விடியும்போதே தினகரன் எழுந்து, முன்னால் முப்பத்து மூன்று, பின்னால் முப்பத்தொன்பது என்று வைத்து, ஸ்டெப்னியையும் பார்த்து முடித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் குமரவேல் பைக்கில் வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துத் தாய்மாமனை முறையாக அழைத்தான். அதோடு கையை நீட்டினான்.

"சாவி குடு மச்சான்."

"எதுக்கு மாப்ள? நான்தான் ஓட்டறேனே."

"மாலையும் பட்டு வேட்டியுமா மடியில கொழந்தய வெச்சிக்கினு வர வேண்டியவன் ஸ்டியரிங் புடிப்பியா? எங்க வூட்டு வழக்கத்துல தாய்மாமன் வண்டி ஓட்டக் கூடாது. அம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. நான் போய் அவங்களையும் சாமானையும் ஏத்திக்கினு வந்துடறேன்."

தினகரன் வினிதாவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே சாவியைக் கொடு என்றாள். கொடுத்தான். வண்டி தெரு திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்ததும் வினிதா கதவைச் சாத்தினாள்.

"இங்க பாருங்க. இன்னிக்கு ஒரு நாள். வண்டி, டயரு, காத்து, வேகம்னு உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்த வரக் கூடாது. அந்தம்மா எப்ப சாக்கு கெடைக்கும்னு பாத்துக்கினு இருக்கு. உங்க தங்கச்சி அந்த வூட்ல வாழணும். தமிழினி தலையில கை வெச்சி சத்தியம் பண்ணுங்க."

பதினாலு வயசுத் தமிழினி தலைசீவிக்கொண்டிருந்தாள். "அம்மா, என்னை ஏம்மா இழுக்கிற?" என்று முனகினாள். ஆனால் தலையைக் காட்டினாள். அவளுக்கும் அப்பா இன்றைக்காவது சும்மா இருந்தால் தேவலை என்றிருந்தது. தினகரன் அவள் தலையில் கை வைத்தான். பிள்ளை தலையில் அடித்துச் செய்கிற சத்தியம் தவறினால் பிள்ளைக்குத்தானே வரும்? வேறு எவனாவது என்றால் மாலைக்குள் மறந்துவிடுவான். இவன் மறக்கிற ஆளா!

குமரவேல் திரும்பி வந்தபோது வண்டியின் மேலே கேரியரில் பொங்கல் பானை, அண்டா, விறகுக் கட்டு. பின்னால் அரிசி மூட்டை, தண்ணீர் கேன். இதோடு தாய்மாமன் சீர் வேறு: பழத்தட்டுகள், குத்துவிளக்கு, வாழைத்தார். எல்லாவற்றையும் திணித்து முடித்தபோது வண்டியின் பின்பக்கம் நன்றாக அமுங்கி உட்கார்ந்தது. தினகரன் அதைப் பார்த்தான். பின் டயர் ரோட்டில் படிகிற இடத்தில் தொப்பை வைத்த மாதிரி பிதுங்கியிருந்தது. முப்பத்தொன்பது இருக்கிற டயர் இப்படிப் பிதுங்காதே என்று நினைத்தான். ரொம்ப பாரம், அதனால் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மீட்டர் டேஷ்போர்டில் இருந்தது. எட்டி எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. வினிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

முன்னால் குமரவேலும் சாமுண்டீஸ்வரியும். நடு சீட்டில், இடது ஜன்னல் ஓரம், மடியில் ஓவியாவோடு தினகரன், பக்கத்தில் காந்திமதி. கடைசி சீட்டில், பின் சக்கரங்களுக்கு நேர் மேலே, வினிதாவும் தமிழினியும். அவன் செல்போன் வினிதாவின் கைப்பையில். பட்டு வேட்டியில் பாக்கெட் ஏது?

வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்ததும் குமரவேல் மிதிக்க ஆரம்பித்தான். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் போயாக வேண்டும். கூடுவாஞ்சேரியில் ஒரு லாரியைத் தாண்ட வண்டியை ஒடித்தபோது பின்பக்கம் கொஞ்சம் தாமதித்து வந்தது. முன்பாதி ஒரு பக்கம் போக, பின்பாதி யோசித்துவிட்டுப் பின்னாலேயே ஆடி வந்த மாதிரி. தினகரனின் கை ஓவியாவின் வயிற்றைச் சுற்றி இறுகியது. "மாமா, வலிக்குது" என்றாள் குழந்தை. அவன் கையைத் தளர்த்திக்கொண்டான்.

இந்த வண்டியை அவன் ஆறு வருஷமாக ஓட்டுகிறான். அதன் ஒவ்வொரு அசைவும் அவன் உடம்புக்குத் தெரியும். இது அந்த அசைவு இல்லை. ஆனால் அவன் மனசே அவனை நம்பவில்லை. எத்தனை தடவை இப்படித் தோன்றியிருக்கிறது! எத்தனை தடவை இறங்கிப் பார்த்து ஒன்றும் இல்லாமல் அசடு வழிந்து ஏறியிருக்கிறான்! மறைமலை நகர் மேம்பாலம் இறங்கும்போது வண்டி மறுபடி ஆடியது. திறந்திருந்த ஜன்னல் வழியாக லேசாக ரப்பர் வாசனை வந்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கம்பெனி வாசனையாகவும் இருக்கலாம். வேர்வை அவன் முதுகில் வழிந்தது. வாயைத் திறந்தான். பின்னாலிருந்து வினிதா தொண்டையைச் செருமினாள். மூடிக்கொண்டான்.

அந்த முக்கால் மணி நேரம் அவன் பட்ட பாட்டை என்னத்தைச் சொல்ல! சொன்னால் சத்தியம் தவறும், தமிழினிக்கு ஏதாவது ஆகும். சொல்லாவிட்டால் இந்த டயர் அதே தமிழினிக்குக் கீழேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் பிள்ளைதான் நின்றாள்.

பரனூர் சுங்கச்சாவடியில் முகூர்த்த நாள் கூட்டம். இடது ஓர வரிசையில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. சாமுண்டீஸ்வரி முந்தானையால் விசிறிக்கொண்டு மகனிடம் கேட்டாள்.

"இன்னாடா வண்டி இது, கட்டுமரத்துல குந்தினா மாதிரி ஆடிக்கினே வருது? எனக்குக் குமட்டுது."

"அது ஒண்ணுமில்லம்மா" என்று குமரவேல் சிரித்தான். கண்ணாடியில் தினகரனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "காலைல மேடவாக்கத்துல பூ வாங்கப் போனப்ப பங்க்ல காத்து பாக்கச் சொன்னேன். பின்னால நாப்பத்தி மூணு காட்டுது! இந்தக் கத்திரி வெயில்ல அவ்ளோ காத்து வெச்சா ரோட்டு சூட்டுக்கு டயர் பட்டுனு போயிடாது? கொறச்சி நாலுலயும் இருவத்தெட்டு வெச்சிட்டேன். மச்சான் கிட்ட சொன்னா அதுக்கும் ஒரு மணி நேரம் லெக்சர் குடுப்பான்னுதான் சொல்லல. மெத்துனு போகட்டும், இன்னா மச்சான்?"

இருபத்தெட்டு!

தினகரனுக்குக் காதுக்குள் ஙொய் என்றது. குமரவேல் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் பக்கம் பாதிப்பேர் வெயில் காலத்தில் இதைத்தான் செய்கிறார்கள். சூட்டுக்குக் காற்று விரியும், விரிந்தால் வெடிக்கும், அதனால் இறக்கு. ஆனால் காற்று குறைந்த டயர்தான் பாரம் தாங்காமல் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிரும். ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கும். அந்த மடங்கலில்தான் வெயிலைவிடப் பெரிய சூடு பிறக்கும். ஓடிச் சூடான டயர் காட்டிய நாற்பத்து மூன்றைப் பார்த்து மிரண்டு, வண்டி நிறைய பாரத்தை ஏற்றிக்கொண்டு, இருபத்தெட்டில் முப்பது கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. இன்னும் அதைவிட அதிகம் ஓட்ட வேண்டும்.

முன்னால் இன்னும் மூன்று வண்டி. கேட்டைத் தாண்டிவிட்டால் குமரவேல் எங்கேயும் நிறுத்த மாட்டான். தினகரன் வாயைத் திறக்கவில்லை. கதவைத் திறந்தான்.

குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு இறங்கி, வரிசையை விட்டு ஓரத்து மண்ணில் போய் நின்றுகொண்டான். அவ்வளவுதான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. குழந்தைக்கு ஒண்ணுக்கு வருகிறதோ என்று நினைத்தார்கள். பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் காந்திமதி தலையை நீட்டி, "அண்ணா! இன்னாண்ணா பண்ற? ஏறுண்ணா!" என்றாள். அவன் இடது வலமாகத் தலையாட்டினான். பின் டயரைக் கையால் காட்டினான். எல்லோரும் இறங்குங்கள் என்று சைகை காட்டினான். குழந்தை இல்லாமல் காதுகுத்து இல்லை; குழந்தை தன் கையில் இருக்கிறது; இறங்கித்தானே ஆக வேண்டும் என்பது அவன் கணக்கு. அப்போதைக்கு நல்ல கணக்காகத்தான் தோன்றியது.

"பாத்தியாடா குமரா! ஆரம்பிச்சிட்டான்!" சாமுண்டீஸ்வரியின் குரல் நாலு வரிசைக்குக் கேட்டது. "ராகு காலம் பொறக்கப் போவுது. நல்ல நாளும் அதுவுமா நடுரோட்ல கொழந்தய வெச்சிக்கினு நிக்கறானே, இவன் வெளங்குவானா?"

குமரவேலின் முகம் சிவந்துவிட்டது. முன்னால் இருந்த வண்டிகள் போய்விட்டன. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. "வர்றியா இல்லியா மச்சான்?" என்று கத்தினான். தினகரன் அசையவில்லை. "அப்ப நில்லு! அந்தாண்ட ஓரங்கட்டறேன், நடந்து வா. உன் திமிரு எறங்கட்டும்!" என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கேட் திறந்தது. திறந்து கிடந்த கதவைக் காந்திமதி அலறிக்கொண்டே இழுத்துச் சாத்தினாள். வண்டி சீறிக்கொண்டு போனது.

கேட்டுக்கு அந்தாண்ட ஓரங்கட்டவில்லை. கோபம் யாரை விட்டது? வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் தினகரனுக்கு உறைத்தது. கையில் இருப்பது தங்கை பிள்ளை. தன் பிள்ளையைப் பின் சக்கரத்தின் மேல் உட்கார வைத்து அனுப்பிவிட்டான். குழந்தையைக் காப்பாற்றுகிறேன் என்று புத்திசாலித்தனமாக இறங்கி, கட்டினவளையும் பெற்ற மகளையும் ஒரு வார்த்தை எச்சரிக்காமல் போகவிட்டான். சத்தியமாம், சத்தியம்!

"நிறுத்து! மாப்ள, நிறுத்து! டயர் போயிடும்! தமிழினி!"

ஓவியாவைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடினான். பட்டு வேட்டி காலில் சிக்கியது. சத்தியம் அங்கேயே போயிற்று. போனது தெரிந்ததும் பயம் இரட்டிப்பாகிவிட்டது. வாயைத் திறந்தாகிவிட்டதே, இனி அவளுக்கு என்ன வருமோ என்று இன்னும் வேகமாக ஓடினான். வண்டி ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்தது. மாமா அழுவதைப் பார்த்துக் குழந்தையும் அழுதது.

அவன் காது முழுக்க ரோட்டில் இருந்தது. ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தான். எங்கேயோ ஒரு பஸ் பிரேக் போட்டது; அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அம்மா, தாயே, என்று அவனுக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். நான் ஒருத்தன் பயந்தது போதும், அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டினான்.

வண்டிகளுக்கு நடுவே வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த மாரி என்ற பெண் கூடையோடு ஓடி வந்தாள்.

"இன்னாண்ணா, வுட்டுட்டுப் போய்ட்டாங்களா?"

"ஃபோன் குடும்மா. ஒரே ஒரு ஃபோன்."

அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எண்களைத் தொடப் போனவனுக்கு யாருடைய நம்பரும் நினைவில் வரவில்லை. வினிதாவின் நம்பர் வரவில்லை, காந்திமதியின் நம்பர் வரவில்லை. மனப்பாடமாகத் தெரிந்தது தன் சொந்த நம்பர் ஒன்றுதான். அந்த போன் வினிதாவின் பைக்குள்தானே இருக்கிறது! அதற்கே அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். இரண்டு தரம் தப்பாக அழுத்திவிட்டான். மாரி அவன் கையிலிருந்து வாங்கி, அவன் சொல்லச் சொல்லத் தானே அழுத்தினாள். மூன்றாவது தரம் மணி பாதியில் நின்றது. அந்தப் பக்கம் வெறும் காற்றும் வண்டிச் சத்தமும் கேட்டன. அந்த ஒரு நொடியில் அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான், தலைகீழாகக் கிடந்த வண்டி வரைக்கும்.

"அப்பா?"

தமிழினியின் குரல்.

அவன் விம்மிவிட்டான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, நீதானா? எல்லாரும் எறங்கிட்டோம்பா. அம்மா வண்டிய நிறுத்த வெச்சிட்டாங்க. ரோட்டோரமா மரத்தடியில நிக்கறோம். நீ ஓரமாவே நடந்து வா. அழாத பா."

பாலம் மாதிரி நீண்டு கிடந்த வெயிலில் அவன் ஓவியாவைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மாரி ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் குழந்தையின் கையில் கொடுத்து அனுப்பினாள், காசு கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். வினிதா எதிரே ஓடி வந்தாள். அவனைக் கட்டிக்கொள்ளவும் கூச்சம், அடிக்கவும் கை ஓங்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன் பேசல? ஏங்க பேசல நீங்க?"

"நீதானே..."

"நான் சொன்னா? நீங்க கத்தியிருந்தா வழக்கம்போல காதுலயே வாங்கியிருக்க மாட்டேன். பதினாறு வருசமா கத்தறீங்க. பேசாம எறங்கினீங்க பாருங்க, மூஞ்சில ரத்தமே இல்லாம, அப்பதான் எனக்கும் பயம் புடிச்சிடுச்சி. இவர் பேசாம இருக்கார்னா நெஜமாவே ஏதோ கீதுன்னு தோணிச்சி. நிறுத்தலன்னா ஜன்னல் வழியா குதிச்சிடுவேன்னு கத்தினேன். அந்தம்மா என்னைத் திட்டின திட்டு கொஞ்சமா நஞ்சமா!"

சாமுண்டீஸ்வரி இப்போது யாரையும் திட்டவில்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமரவேல் இடது பின் சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தான். தொட்டுப் பார்த்திருக்கிறான், உள்ளங்கையை வாயால் ஊதிக்கொண்டிருந்தான். டயரின் பக்கவாட்டில், ரப்பர் உப்பி, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம் கிளம்பியிருந்தது. அதற்கு நேர் மேலே இருந்தது தமிழினியின் சீட்.

"இன்னும் எவ்ளோ தூரம் தாங்கியிருக்கும் மச்சான்?" என்று கேட்டான் குமரவேல். குரலே எழும்பவில்லை.

"தெரியல மாப்ள."

உண்மையிலேயே தெரியாது. மதுராந்தகம் வரை போயிருக்கலாம். அடுத்த வளைவிலேயே முடிந்திருக்கலாம். தினகரன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டெப்னியை மாற்றினான். மற்ற டயர்கள் ஆறுகிறவரை நிழலில் உட்காரச் சொன்னான். எல்லோரும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்கள். ஆறினபிறகு மெஷினை வைத்து முன்னால் முப்பத்து மூன்று, பின்னால் முப்பத்தொன்பது என்று ஏற்றினான். அரிசி மூட்டையும் அண்டாவும் விறகும் அந்த வழியாகப் போன ஒரு குட்டி லோடு வண்டியில் ஏறிக்கொண்டன. அன்றைக்கு முதல் தடவையாக அவன் டயர் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ராகு காலம் அது பாட்டுக்குப் பிறந்து போய்க்கொண்டிருந்தது.

கோயிலில் பூசாரி அம்மனிடம் பூக் கேட்டு, உத்தரவு வாங்கி, மத்தியானத்தில் காது குத்தினார். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டது. முன்னாலேயே வந்து காத்திருந்த உறவு ஜனங்களுக்குக் கதை எப்படியோ எட்டிவிட்டது. பந்தியில் ஒருவர் உரக்கக் கேட்டார்.

"ஏம்பா தினா, டயரு வெடிச்சிச்சா?"

"இல்ல மாமா, வெடிக்கல."

"அப்பறம் இன்னாத்துக்குப்பா டோல்கேட்ல கொழந்தயத் தூக்கிக்கினு ஓடின? ஒண்ணும் ஆவலியே!"

பந்தலே சிரித்தது. தினகரனும் சேர்ந்து சிரித்தான். வெடித்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க இவருக்கு வாயும் இருந்திருக்காது, வண்டியில் போனவர்களும் இருந்திருக்க மாட்டார்கள். அதை யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்து இலையில் குமரவேல் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

திரும்பும்போது சாவியை அவனே கொண்டுவந்து தினகரனிடம் நீட்டினான். முன் சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். செங்கல்பட்டு ஏரியைத் தாண்டும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பின்னால் குழந்தை காந்திமதியின் மடியில் தூங்கியது. சாமுண்டீஸ்வரியும் தூங்கினாள். பாரம் குறைந்து, டயர்களில் சரியான காற்றோடு, வண்டி சொன்னபடி கேட்டது. இத்தனை வருஷத்தில் தினகரனுக்கு இவ்வளவு நிம்மதியாக ஒரு சவாரி வாய்த்ததில்லை. பக்கத்தில் பார்த்தான். குமரவேல் தலைக்கு மேலே இருக்கிற கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"மச்சான்... கொஞ்சம் மெதுவா."

"நாப்பதுலதான் மாப்ள போறேன்."

"தெரியுது. இருந்தாலும்..." குமரவேல் வேகமுள்ளை எட்டிப் பார்த்தான். "கண்ண மூடினா அந்தக் கொப்புளம்தான் வருது மச்சான். காந்தியும் எங்கம்மாவும் உள்ள கீறாங்க, நான் பாட்டுக்கு நூறுல மிதிக்கறேன். ராத்திரிக்கு எப்டித் தூங்குவேன்?"

தன்னைக் கேலி செய்த வாய் இப்படிக் கேட்பதில் தினகரனுக்கு ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. அந்த இறுகிய கையை அவனுக்கு நன்றாகத் தெரியும். அது இனி சிலிண்டரை மூடப் போகும், ஒயரைத் தொட்டுப் பார்க்கும், பாதித் தெருவிலிருந்து திரும்பி வரும். இந்தக் கொடுமை தன்னோடு போகட்டும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தான். பாவம், இவன் இதற்குப் பழகாதவன்.

"ஒண்ணும் ஆவாது மாப்ள, நான் கீறேன் இல்ல" என்றான்.

ஆயுசு முழுக்க ஊரே அவனிடம் சொன்னதும், ஒரு நாளும் அவன் நம்பாததும் அந்த வார்த்தைதான். குமரவேல் தலையை ஆட்டினான். கைப்பிடியை விடவில்லை. தினகரன் வேகத்தை முப்பதுக்கு இறக்கி, வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து, மாடம்பாக்கம் வரை அப்படியே ஓட்டினான்.